பாலத்தின் நடுவில் ஒரு வரி

இரும்புப் பாலத்தின் சரிபாதியில் நிற்கிறார் இட்வால்.
இடது பூட்ஸ் வேல்ஸில்,
வலது பூட்ஸ் இங்கிலாந்தில்.
நடுவில் ஒரு வரி, கண்ணுக்குத் தெரியாதது.
இரண்டு பக்கமும் வரி, தெரிகிற மாதிரி.
கீழே வை ஆறு
ஓதம் ஏறிப் பின்னோக்கி ஓடுகிறது,
பால் அதிகமாகிப்போன தேநீரின் நிறத்தில்.

எஃகு ஆலை அவரை அனுப்பியபோது கொடுத்த பணம்
ஒன்றரை வருடமாக வங்கியில் தூங்குகிறது.
வீடொன்று வாங்கி வாடகைக்கு விட்டால்
அதுவும் எழுந்து வேலைக்குப் போகுமே என்றார்.
நான் பள்ளிச் சமையலறையில் பட்டாணி அளந்து போடுகிறவள்.
எனக்குத் தெரிந்தது கரண்டிக் கணக்கு.
வழக்கறிஞர் பார்ஜிட்டரிடம் இருந்தது வேறு கரண்டி.

அக்கரையில்
முதல் ஒண்ணேகால் லட்சத்துக்கு நூற்றுக்கு ஐந்து,
மிச்சத்துக்கு ஏழு.
இக்கரையில்
ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரை ஐந்து,
அதற்கு மேல் எட்டரை.
"குடியிருக்க வாங்கினால் இவ்வளவு வராது.
இது உங்களுக்கு இரண்டாவது வீடு அல்லவா" என்று
தொண்டையைச் செருமினார்,
ஏதோ நாங்கள்
இரண்டாம் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்ததுபோல.

இரண்டு வீட்டுக்கும் ஒரே விலை,
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
அங்கே வரி பன்னிரண்டாயிரத்து இருநூறு.
இங்கே பதினோராயிரத்து ஐந்நூற்றைம்பது.
இக்கரைக்கு அக்கரை
அறுநூற்றைம்பது பவுண்டு பச்சை.

ஆனால் இக்கரை வீட்டின் குளியலறைச் சுவரில்
ஈரம் தோள் உயரத்துக்கு ஏறியிருந்தது.
அக்கரையில் கூரை புதிது.
அதனால் இன்று காலை அங்கே போனோம்.

கதவைத் திறந்தவள் பெயர் டாம்சின்.
மாவு காய்ந்த ஏப்ரன்,
காலை மறைத்தபடி
ஒரு காலுறை மட்டும் போட்ட பையன்.
விளம்பரத்தில் அவள் ஒரே ஒரு சொல்லாக இருந்தாள்:
"வாடகைதாரருடன்."

இட்வால் சுவரைத் தட்டினார், பாய்லரின் வயதைக் கேட்டார்.
நான் பார்த்தது குளிர்பெட்டிக் கதவை.
காந்தத்துக்குக் கீழே ஒரு தாள்.
வாடகை 870. மின்சாரம். பேருந்து.
பல்,
என்று எழுதி அடித்திருந்தது.
அடுத்த மாதத்திலும் பல்,
அடித்திருந்தது.
அதற்கடுத்த மாதத்தில் எழுதவே இல்லை.

வாசல்வரை வந்து, "ஏற்றுவீர்களா?" என்றாள்.
எதை என்று நாங்கள் கேட்கவில்லை.

மேட்டில் இறங்கி வரும்போது
கைபேசியில் வகுத்துப் பார்த்தேன்,
பன்னிரண்டாயிரத்து இருநூறை எண்ணூற்று எழுபதால்.
பதினான்கு மாதம், மிச்சம் இருபது பவுண்டு.
கட்டியவர் இடத்தில் எங்கள் பெயர்தான் இருக்கும்.
ஆனால் பதினான்கு மாதம்
விடியுமுன் ரொட்டிக் கடைக்குப் போகிற அந்தப் பெண்ணிடமிருந்து
எங்கள் கைக்கு வந்து,
கை சூடாகும் முன்பே நகர்ந்து போகிற பணம் அது.

"மாதம் ஐம்பது ஏற்றினால் போதும்,
இருபது வருடத்தில் வரிப்பணம் திரும்பிவிடும்" என்றார்.
"அப்போது உங்களுக்கு எண்பத்தொன்று" என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
கெட்ட மனிதர் இல்லை அவர்.
முப்பத்தெட்டு வருடம் உலைக்கு முன்னால் நின்றவருக்கு
பணமும் கொஞ்சம் வேலை செய்யட்டும் என்று ஆசை.
எனக்கும் ஆசைதான்.
என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது
பார்ஜிட்டர் கையெழுத்து கேட்ட தாள்.

ஆறு நின்றுவிட்டது.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை,
ஒரு மரக்கட்டை அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.
"கால் சில்லிட்டுவிட்டது" என்கிறார் இட்வால்.

எந்தக் கால் என்று கேட்டேன்.